நடிகர் திலகமும் என் அப்பாவும் ஒரு வரலாற்றுப் பாடமும்



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 21ஆம் நாள் வரும்போது என் மனம் பழைய நினைவுகளில் மூழ்கிவிடும். 2001ஆம் ஆண்டு அந்த நாளில்தான் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சென்னையில் காலமானார். அவருடைய நடிப்பைப் பற்றி எழுதாதவர் இல்லை, பேசாதவர் இல்லை. நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் நான் அவருக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறேன். அதே வேளையில், அவருடைய படம் ஒன்றினால் என் வகுப்பறையில் ஒருநாள் விடை தெரியாமல் விழித்து நின்றும் இருக்கிறேன். இவ்விரண்டையும் சேர்த்து எழுதினால்தான் என் அஞ்சலி உண்மையானதாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அந்தச் சனிக்கிழமை இரவு

அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். விடுதியில் படுக்கப்போகும் நேரம். பக்கத்து அறைத் தோழி ஓடிவந்து, "சிவாஜி போயிட்டாராம்!" என்றாள். ஒருவரும் உடனே நம்பவில்லை. ஏற்கெனவே பலமுறை அவர் உடல்நலத்தைப் பற்றி வதந்திகள் வந்திருந்தன. ஆனால், இம்முறை செய்தி உண்மையாகிவிட்டது.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் என் அப்பா. கீழே இறங்கிப்போய்ப் பொதுத் தொலைபேசியில் வீட்டிற்கு அழைத்தேன். அம்மாதான் எடுத்தார். "அப்பா யாருகிட்டயும் பேசமாட்டேங்குறாரு. நீ வாம்மா" என்றார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் கிளம்பினேன். வழியில் கிடைத்த தமிழ் நாளேட்டை வாங்கிக்கொண்டேன். வீட்டில் அப்பா வாசற்படியில் அமர்ந்திருந்தார். பசியாறவில்லை. பத்திரிகையை நீட்டினேன். "கண்ணு சரியில்ல, நீயே படி" என்றார். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது.

நான் வேகமாகப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி தாண்டியிருக்கமாட்டேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கணேசன்ல வர்ற ணவுக்கு நாக்க மடிச்சுச் சொல்லும்மா. அவரு பேரயாவது ஒழுங்கா சொல்லு."

மீண்டும் படித்தேன், நாக்கை மடித்து. அப்போதுதான் அப்பா அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

நாக்கு எங்கே கற்றது?

என் அப்பா ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால், அவர் ல, ள, ழ மூன்றையும் பிரித்து உச்சரிப்பதைக் கேட்டால், நம்மில் பலர் நாணித் தலைகுனிய வேண்டியிருக்கும். இதை யார் கற்பித்தது? பள்ளி அன்று, திடல்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். லயத்து மக்கள் சாக்கும் பாயும் எடுத்துக்கொண்டு மாலையிலேயே இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்களாம். அப்பா முதன்முதலில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்தது அப்படித்தான். பி. ஆர். பந்துலு இயக்கி 1959இல் வெளிவந்த படம் அது. அதற்கு உரையாடல் எழுதியவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. அடுத்த ஆண்டு, 1960இல், கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் இப்படத்திற்காகச் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. எகிப்து எங்கே இருக்கிறது என்று தெரியாத எங்கள் தோட்டத்து மக்கள் அதைத் தம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த பரிசாகவே கொண்டாடினார்கள் என்று அப்பா சொல்வார்.

சிவாஜிக்கும் அந்த நாக்கு தானாக வாய்த்துவிடவில்லை என்பதை நாம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1928இல் பிறந்த விழுப்புரம் சின்னையா கணேசன், பள்ளிப் படிப்பை விட்டுச் சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தவர். ஒலிபெருக்கி வசதி பெருகாத காலம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆசிரியரின் அடி விழும். பெண் வேடம், ஆண் வேடம் என்று கொடுத்ததையெல்லாம் ஏற்று, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து வளர்ந்தவர். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைக் கண்டு, தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. 1952ஆம் ஆண்டு தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலும் சிவாஜியின் நாவும் சேர்ந்து, தமிழைச் செவியால் கற்கும் ஒரு தலைமுறையையே உருவாக்கின. பேச்சுத்தமிழ் மட்டுமே அறிந்திருந்த மக்கள், எழுத்துத்தமிழ் ஒரு மனிதனின் வாயில் இப்படியும் உயிரோடு இருக்குமா என்று வியந்தார்கள்.

அவர் மிகையாக நடித்தார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், மேடையிலிருந்து வந்தவர் அவர். கடைசி வரிசைக்கும் சேர்த்தே நடிக்கப் பழகியவர். எங்கள் தோட்டத்து மக்கள் அந்தக் கடைசி வரிசையில்தானே அமர்ந்திருந்தார்கள்! அடக்கி நடிக்கவும் அவருக்குத் தெரியும் என்பதற்கு 1985இல் வந்த 'முதல் மரியாதை' போதும்.

மீசை வரைந்த சிறுமி

1989ஆம் ஆண்டு. நான் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் மாறுவேடப் போட்டி. பெண் பிள்ளைகள் ஔவையாராகவும் கண்ணகியாகவும் வரத் தயாரானார்கள். அப்பா மட்டும், "நீ கட்டபொம்மன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் அப்படத்தின் கதைவசன ஒலிநாடா ஒன்று இருந்தது. மாலை வேலை முடிந்து வந்ததும் அப்பா வானொலிப் பெட்டியை மேசையில் வைப்பார். ஒரு வரி ஓடும், நிறுத்துவார். நான் சொல்ல வேண்டும். தவறினால் மீண்டும் பின்னோக்கிச் சுழற்றுவார். இரண்டு வாரத்தில் ஒலிநாடாவே தேய்ந்துவிட்டது. அட்டையில் தங்கத்தாள் ஒட்டி மகுடம் செய்தார் அம்மா. கண்மையால் மீசை வரைந்தார்கள்.

இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. "ரெண்டு எடத்துல றகரம் வழுக்கிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

இன்று என் மாணவர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம் அந்த மேசைதான் நினைவுக்கு வரும். கல்லூரியில் நான் கற்ற கற்பித்தல் முறைகள் ஏராளம். ஆனால், கேள், நிறுத்து, சொல், திருத்து என்னும் அந்த முறையை எனக்குக் கற்பித்தவர் மூன்றாம் வகுப்பு படித்த ஒருவர்.

"டீச்சர், இதற்குச் சான்று என்ன?"

இனி, அந்தச் சங்கடத்திற்கு வருகிறேன்.

நம் நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாக வந்தது. அதன் முதல் அலகிலேயே வரலாறு என்றால் என்ன, சான்று என்றால் என்ன என்று பிள்ளைகள் கற்கிறார்கள். எழுத்துச் சான்று, வாய்மொழிச் சான்று, பொருள் சான்று என்று வகைப்படுத்தவும் அவர்களுக்குத் தெரியும்.

மறு ஆண்டு, கதை சொல்லும் போட்டிக்காக ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கதை, கட்டபொம்மன். என் அப்பாவைப் போலவே அவனை வரி வரியாகச் சொல்ல வைத்தேன். கட்டபொம்மனும் ஆங்கில அதிகாரி ஜாக்சனும் நேருக்கு நேர் மோதும் கட்டம் வந்தது. பையன் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"டீச்சர், இவர் உண்மையிலேயே இப்படிப் பேசினாரா? இதற்குச் சான்று என்ன?"

எனக்கு உடனே விடை வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வரிகள் என் நாவில் இருந்தன. ஒருமுறைகூட நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லையே! "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று கூறித் தப்பித்தேன்.

அந்த வாரம் முழுவதும் தேடிப் படித்தேன். அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன், வகுப்பில் பயன்படலாம்.

கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர். வரி நிலுவை தொடர்பாகக் கலெக்டர் ஜாக்சன் அவரை வரச் சொன்னார். ஊர் ஊராக அலையவிட்டு, முடிவில் 1798ஆம் ஆண்டு செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் என்னும் அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னர் நடந்த விசாரணையின் முடிவில் ஜாக்சன் பதவி இழந்தார். 1799ஆம் ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்கள் பார்க்கத் தூக்கிலிடப்பட்டார்.

ஆக, சந்திப்பு உண்மை. மோதல் உண்மை. ஆனால், அந்த வசனம்? கட்டபொம்மன் குடும்பத்தின் தாய்மொழி தெலுங்கு. ஜாக்சனின் மொழியோ ஆங்கிலம். திரையில் நாம் கேட்கும் செந்தமிழ் அவ்வறையில் ஒலித்திருக்க வாய்ப்பில்லை. அது சக்தி கிருஷ்ணசாமியின் எழுதுகோலில் பிறந்து, சிவாஜியின் நாவில் வளர்ந்தது.

அடுத்த வாரம் இதைப் பையனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

"அப்படியென்றால் எல்லாமே பொய்யா, டீச்சர்?"

இல்லை என்றேன். ஏனென்றால், தேடியபோது இன்னொன்றும் எனக்குக் கிடைத்திருந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மன், அதைப் பற்றித் தம் மேலிடத்திற்கு எழுதிய கடிதம் இருக்கிறது. விசாரணை நேரம் முழுவதும் கட்டபொம்மன் சிறிதும் அஞ்சவில்லை என்றும், தூக்குமரத்தை நோக்கி உறுதியான நடையோடு சென்றார் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். புகழ வேண்டிய தேவை அவருக்கு இல்லை, அவர் பகைவர். எனவே, அவருடைய சாட்சியத்திற்கு மதிப்பு அதிகம்.

"பேச்சுக்குச் சான்று இல்லை, நடைக்குச் சான்று இருக்கிறது" என்று பையனிடம் சொன்னேன். அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அப்பா சொன்னது

வார இறுதியில் வீட்டிற்குப் போனபோது இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். அவர் வாழ்நாள் முழுவதும் நேசித்த வரிகள். அவற்றைப் பொய் என்று மகள் வந்து சொன்னால் மனம் நோகாதா? ஆனாலும், வகுப்பில் சொன்னதை வீட்டில் மறைப்பது சரியன்று என்று பட்டது. சொல்லிவிட்டேன்.

அப்பா சிரித்தார்.

"அது எனக்குத் தெரியாதாம்மா? தொர முன்னாடி நின்னு எவன் அப்படிப் பேசியிருக்க முடியும்? பேசியிருக்கணும்னு எங்க எல்லாருக்கும் ஆச. எங்களால முடியல. அவரு பேசினாரு. அதான்."

சற்றுப் பொறுத்து மேலும் சொன்னார்: "உங்க தாத்தா சைக்கிள விட்டு எறங்கி நின்னவரு. தொரைக்கு மட்டும் இல்ல, கிராணிக்கும். அவரு எறங்குறத நெனச்சுக்கிட்டே நான் அந்தப் படத்தப் பாத்தேன்."

தாத்தா மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்ற கதையை நான் அதுவரை கேட்டதில்லை. அது எங்கள் குடும்பத்துக் கதை மட்டும்தானா என்று தேடினேன். தேடிய எனக்கு வியப்புக் காத்திருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது. அவற்றோடு, துரைமார்களையும் தோட்ட அதிகாரிகளையும் கடக்கும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது! போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இத்தனை ஆண்டுகளாக நான் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிள்ளானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆசிரியராகிய எனக்கே தெரியாது! இதற்குச் சிவாஜியைக் குறைசொல்ல இயலுமா? கட்டபொம்மனுக்கு ஒரு சிவாஜி கிடைத்தார். கிள்ளான் தொழிலாளர்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது அந்தக் கதையைச் சொல்ல வேண்டியது நம் வேலை.

அந்தப் பையன் போட்டியில் கட்டபொம்மனைப் பேசினான். முடிவில், வசனத்தை எழுதியவர் யார் என்பதைச் சொன்னான். பானர்மன் கடிதத்தைச் சொன்னான். மிதிவண்டிக் கதையையும் சொன்னான். பரிசு கிடைக்கவில்லை. நேரம் மிகுந்துவிட்டதாம்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! என் அனுபவத்திலிருந்து சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, பழைய படங்களை உச்சரிப்புப் பாடமாகப் பயன்படுத்துங்கள். ஐந்து மணித்துளிகள் போதும். கேட்டு, நிறுத்தி, சொல்லிப் பார்க்கட்டும். சிவாஜியின் வாயில் ழகரம் எப்படி விழுகிறது என்று காதால் கேட்ட பிள்ளைக்கு விதியை மனப்பாடம் செய்யத் தேவையிராது.

இரண்டாவது, அதே படத்தை வரலாறாகக் காட்டாதீர்கள். வரலாற்றுக்குள் நுழையும் வாசலாகக் காட்டுங்கள். 'கட்டபொம்மன்' படத்தையும் 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தையும் ஒப்பிடச் செய்யலாம். வ. உ. சிதம்பரனார் 1936 வரை வாழ்ந்தவர். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியதும், 1908இல் தண்டிக்கப்பட்டுச் சிறையில் செக்கிழுத்ததும் ஆவணங்களும் அவர் எழுத்துகளும் கொண்டு சரிபார்க்கத்தக்கவை. எதற்குச் சான்று மிகுதி, எதற்குக் குறைவு, ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாவது, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் எந்தப் படத்தை எங்கே பார்த்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். படத்தில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். என் தாத்தாவின் மிதிவண்டி அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. முன்னமே கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவோ கிடைத்திருக்கும்.

சிவாஜி கணேசனுக்கு 1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரான்சின் செவாலியே, பின்னர் தாதாசாகேப் பால்கே என விருதுகள் பல வந்தன. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தம் சொந்தச் செலவில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பியவரும் அவரே. தாம் ஏற்ற வேடத்திற்கு அப்படிக் கடன் தீர்த்தவர். சென்னைக் கடற்கரைச் சாலையில் 2006இல் நிறுவப்பட்ட அவருடைய சிலையோ, போக்குவரத்துக்கு இடையூறு என்று 2017இல் அகற்றப்பட்டு, அடையாற்றிலுள்ள மணிமண்டபத்திற்கு இடம் மாறியது.

என் அப்பாவும் மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒலிநாடா என்னிடம்தான் இருக்கிறது. போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை; இருந்தாலும் ஓடுமா என்பது ஐயமே. ஆனாலும், ஒவ்வொரு ஜூலை மாதமும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். 'கணேசன்' என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல வேண்டும். ணகரத்திற்கு நாக்கு மடியாதவர்கள் மீண்டும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஏன் இந்தப் பெயர் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு வேறு பாடம் நடக்காது!